உயர் இரத்த அழுத்தம் "பணியோடு தொடர்பில்லை" என நிராகரிப்பு: நான்கு ஆண்டு கழித்து மேல்முறையீடு செய்ய இயலுமா?

திருப்பத்தூர் ஹவில்தார் – 2 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். 2001 ஜூலையில் படையில் சேர்ந்து, 20 ஆண்டுகள் முடித்து, 2021 ஜூலை 31 அன்று ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். வெளியே வருவதற்கு முன் நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டில் எனக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், அதன் பாதிப்பு ஆயுள் முழுமைக்கும் 30 சதவீதம் என்றும் எழுதினார்கள். ஆனால் அது இராணுவப் பணியால் உண்டானதும் அல்ல, பணியால் அதிகரித்ததும் அல்ல என்று அதே போர்டு முடிவு செய்ததால், 2021 நவம்பரில் எனக்கு டிஸ்எபிலிட்டி பென்ஷன் (இயலாமை ஓய்வூதியம்) கிடையாது என்று, எங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

அந்த ஆறு மாதமும் நான் அப்பாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். அவர் காலமான பிறகு அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. இப்போது என்னோடு பயிற்சி முடித்த கொல்லத்து நண்பர் ஒருவர், இதே நோய்க்கு, இதே 30 சதவீதத்துக்கு, கொச்சி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வழியாக ஓய்வூதியம் வாங்கிவிட்டதாகச் சொல்கிறார். எங்கள் ஊரில் ஒருவர் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகவும், வரும் நிலுவைத் தொகையில் 30 சதவீதம் கொடுத்தால் போதும் என்றும் கேட்கிறார். நான்கு ஆண்டு தாமதத்துக்குப் பிறகு வழி இருக்கிறதா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கம்மவான்பேட்டை சுபேதார் – 2 ஜூன் 2025

தம்பி, முதலில் அந்த 30 சதவீதக்காரரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குறிப்பாக, டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய உத்தரவையும் அசலாக யார் கையிலும் கொடுக்க வேண்டாம். நான் கிளார்க்காக இருந்து, ஒரு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு படைவீரர்கள் உண்டு என்பதால், இந்த மாதிரிக் கடிதங்களை வாரத்துக்கு ஒன்றாவது வாசித்துக் காட்டும் வேலை இன்னும் என்னை விடவில்லை.

நீங்கள் வைத்திருக்கும் நவம்பர் மாதக் கடிதம் வெறும் தகவல் கடிதம்தான். உங்கள் தலையெழுத்தைத் தீர்மானித்த தாள் வேறு. அது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்ற எண்ணுடைய மெடிக்கல் போர்டு படிவம். அதன் முதல் பகுதியில், நீங்கள் எந்த ஆண்டு எந்த இடத்தில் பணியாற்றினீர்கள், அது பீஸ் ஸ்டேஷனா (அமைதிப் பகுதி) ஃபீல்டா (களப் பகுதி) என்ற அட்டவணையோடு உங்கள் சொந்த வாக்குமூலம் இருக்கும். பிறகு நோய் முதன்முதலில் எந்தத் தேதியில், எந்த இடத்தில் தெரியவந்தது என்று இருக்கும். கடைசியில்தான் போர்டின் கருத்தும், அந்தக் கருத்துக்கான காரணமும் வரும். அந்தக் காரணத்துக்கு விடப்பட்டிருக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் மேல்முறையீடு எழுதுகிறவர்கள், "நாட்டுக்காக இருபது ஆண்டு உழைத்தேன், கருணை காட்டுங்கள்" என்று எழுதுவார்கள். அத்தகைய மனுக்களை நான் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். குழு எடுத்துப் பார்க்க அவற்றில் மறுக்கவேண்டிய ஒரு விஷயமும் இருக்காது என்பதால், பழைய காரணத்தையே நகலெடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே இன்றே அஞ்சலகத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு போஸ்டல் ஆர்டர் எடுத்து, உங்கள் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தின் மத்தியப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுங்கள். மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைகள், நீங்கள் முதன்முதலில் லோ மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதி குறைந்த பிரிவு) ஆனபோது நடந்த போர்டின் நகல், சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். "என் மருத்துவ ஆவணங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு பக்கம் மட்டும் வரும். உங்கள் படை எண்ணையும், முன்னாள் படைவீரர் அடையாள அட்டையின் நகலையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடையாளம் கேட்டு ஒரு கடிதம் வந்து ஒரு மாதம் போய்விடும். சட்டப்படி 30 நாளில் பதில் வரவேண்டும்.

கோவை சிக்னல்மேன் – 3 ஜூன் 2025

மாறுபட்ட கருத்து ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் 24 ஆண்டு பணியாற்றியவன். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இன்று நம் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் இருக்கிறது, பள்ளி ஆசிரியருக்கும் இருக்கிறது. கண்ணிவெடியில் கால் இழந்தவருக்கும், சியாச்சினில் விரல் கருகியவருக்கும் கொடுக்க வேண்டிய ஓய்வூதியத்தை, நாற்பது வயதில் எல்லாருக்கும் வரும் நோய்க்கும் கேட்பது அந்த ஓய்வூதியத்தின் மதிப்பைக் குறைக்கிறது என்பது என் எண்ணம். மேலும் எல்லா வழக்குகளும் வீரர்களுக்குச் சாதகமாக முடிந்துவிடவில்லை. 2019இல் நரசிங் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனநோய் சேரும்போது கண்டுபிடிக்க முடியாமல் தப்பிவிடக்கூடியது, ஆகவே பணிக்காலத்தில் வெளிப்பட்டது என்பதனாலேயே பணியால் வந்தது என்று கொள்ளமுடியாது என்று சொல்லி ஓய்வூதியத்தை மறுத்தது. இதையும் நண்பர் தெரிந்துகொண்டு இறங்கட்டும்.

பாரிமுனை வக்கீல் – 3 ஜூன் 2025

சிக்னல்மேன் குறிப்பிட்ட தீர்ப்பு உண்மைதான், அரசுத் தரப்பு அதை ஒவ்வொரு வழக்கிலும் எடுத்து நீட்டும். சென்னைத் தீர்ப்பாயத்தில் இத்தகைய வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில், சட்டநிலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இயலாமை ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்று தீர்மானிக்கும் 1982ஆம் ஆண்டின் உரிமை விதிகள் வீரருக்கு மிகவும் சாதகமானவை. சேரும்போது குறித்துவைக்கப்பட்ட குறைகளைத் தவிர மற்றபடி அவர் நல்ல உடல்நிலையிலும் மனநிலையிலும் சேர்ந்தார் என்று 5ஆம் விதி கருதுகிறது. உரிமையை நிரூபிக்கும் பாரம் கோருபவர்மேல் இல்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே என்று 9ஆம் விதி சொல்கிறது. சேரும்போது குறிக்கப்படாத நோய் பணிக்காலத்தில் எழுந்ததாகவே பொதுவாகக் கருதப்படும் என்றும், அப்படி அல்ல என்றால் அதை ஏன் அன்றைக்கே கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவர்கள் காரணம் எழுத வேண்டும் என்றும் 14ஆம் விதி சொல்கிறது. இந்த மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பு வந்தது. அவர் 1985இல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, வலிப்பு நோய் காரணமாக 1994இல் வெளியேற்றப்பட்டவர். காரணம் எதுவும் எழுதாமல் "தொடர்பில்லை" என்று மட்டும் சொன்ன மெடிக்கல் போர்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கில் இதே கொள்கையைப் பல வீரர்களின் வழக்குகளுக்குச் சேர்த்து உறுதிசெய்தது. அண்மையில், 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும், காரணம் எழுதப்படாத போர்டின் கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்க இயலாது என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் நண்பர் ஓய்வு பெற்றது 2021இல். ஆகவே அவருக்குப் பொருந்துவது, 1982 விதிகளுக்குப் பதிலாக வந்த 2008 விதிகள். அதில் பழைய அனுமானங்கள் அவ்வளவு தாராளமாக இல்லை. நோய் பணிக்காலத்தில் வெளிப்பட்டது என்பது மட்டுமே தொடர்பை நிறுவிவிடாது என்பதே அதன் போக்கு. இருந்தாலும் நிரூபிக்கும் பாரம் பொதுவாகக் கோருபவர்மேல் இல்லை என்பது அந்த விதிகளிலும் தொடர்கிறது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம், 2008 விதிகளின் கீழ் வந்த ஒரு சர்க்கரை நோய் வழக்கில், நோய் பீஸ் ஸ்டேஷனில் தெரியவந்தது என்பது ஓய்வூதியத்தை மறுக்கப் போதிய காரணம் அல்ல என்று தெளிவாகவே கூறியிருக்கிறது. 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு இன்னொரு புதிய விதித்தொகுப்பு வந்துவிட்டது. எனவே பிறருடைய தீர்ப்பை எடுத்து வைப்பதற்கு முன், அவர் எந்த ஆண்டு வெளியே வந்தார் என்று பாருங்கள். கொல்லத்து நண்பரின் தீர்ப்பில் எந்த விதி பேசப்படுகிறது என்பதையும் பாருங்கள்.

தாமதம் பற்றி. தர்சேம் சிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்பதால் தாமதத்துக்காக உரிமையையே மறுக்க வேண்டியதில்லை, ஆனால் நிலுவைத் தொகையை வழக்குத் தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் கட்டுப்படுத்த வேண்டும் என்று சொன்னது. அதாவது நீங்கள் இன்றே தாக்கல் செய்தால் 2022 ஜூன் முதல்தான் கணக்கு. 2021 ஆகஸ்ட் முதல் 2022 மே வரை உள்ள பத்து மாதம் போனது போனதுதான். இனித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் பின்னாலிருந்து ஒரு மாதம் உதிரும்.

அது எவ்வளவு என்று தெரிந்தால் வேகம் வரும். ஓய்வின்போது உங்கள் அடிப்படை ஊதியம் 42,800, இராணுவப் பணி ஊதியம் 5,200, ஆக 48,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதப் பாதிப்புக்கு அதில் 30 சதவீதம், அதாவது 14,400. உங்கள் 30 சதவீதத்துக்கு 4,320. ஆனால் 2001 ஜனவரி 31 அரசாணைப்படி 50க்குக் கீழே உள்ள பாதிப்பு 50 ஆக உயர்த்திக் கணக்கிடப்படும். நோயால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்றிருந்த அந்தச் சலுகை, இயல்பாக ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்படியானால் மாதம் 7,200, அதன்மேல் அகவிலைப்படி. மனுவில் இந்த உயர்த்தலைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டு, 30 சதவீதத்துக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு, மறுபடி ஒரு மனுவோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மதுரை நர்சிங் அசிஸ்டென்ட் – 4 ஜூன் 2025

நான் ஆர்மி மெடிக்கல் கோரில் இருந்தவன், போர்டுக்கான தாள்களைத் தட்டச்சு செய்து அடுக்கிய அனுபவம் உண்டு. சிக்னல்மேன் அண்ணன் சொன்ன மளிகைக் கடை வாதத்துக்கு விடை இராணுவ மருத்துவர்களின் சொந்தக் கையேட்டிலேயே இருக்கிறது. 2008 கையேட்டில் உயர் இரத்த அழுத்தம் பற்றிய 43ஆம் பத்தியை எடுத்துப் பாருங்கள். முதன்மை உயர் இரத்த அழுத்தம் பணியால் உண்டானது என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளத் தகாது என்று அது சொல்கிறது, அதுவரை சிக்னல்மேன் அண்ணன் பக்கம்தான். ஆனால் ஃபீல்டு பகுதியிலோ, உயர் மலைப்பகுதியிலோ, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைப் பகுதியிலோ பணியாற்றும்போது வந்தால் அதைப் பணியால் அதிகரித்ததாகக் கருத வேண்டும் என்றும் அதே பத்தி சொல்கிறது. நீண்ட காலமும் அடிக்கடியும் ஃபீல்டில் இருந்த பிறகு நோய் வெளிப்படும் நேர்வுகளையும் அது குறிப்பிட்டு, மன அழுத்தத்துக்கு ஆளுக்கு ஆள் உடல் வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டுவதால் இப்படி நேரலாம் என்று விளக்குகிறது. மளிகைக் கடைக்காரர் இரவு முழுக்கப் பதுங்கிக் கிடந்துவிட்டு, காலையில் சாலைப் பாதுகாப்புக்குப் போவதில்லை.

ஹவில்தார் அண்ணனிடம் இரண்டு கேள்விகள். நோய் முதலில் தெரியவந்த இடம் எது? அதற்கு முன்னால் உங்களுக்கு எப்போதாவது பி.பி. பார்த்தார்களா? மெடிக்கல் போர்டு எழுதும் "நோய் தொடங்கிய தேதி" என்பது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்த தேதிதான். யூனிட்டின் எம்.ஐ. ரூமில் (மருத்துவப் பரிசோதனை அறை) அதற்கு முன்னால் எடுத்த அளவு அந்தப் படிவத்துக்கு வந்து சேர்வதே இல்லை. நானே எத்தனையோ பேருக்கு "உப்பைக் குறை, ஒரு வாரம் கழித்து வா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த வாரத்துக்குள் அவர்கள் வேறு போஸ்டுக்குப் போயிருப்பார்கள்.

திருப்பத்தூர் ஹவில்தார் – 4 ஜூன் 2025

சுபேதார் சாப் சொன்னபடி இன்று விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நர்சிங் தம்பியின் கேள்விக்குப் பதில்: செகந்திராபாத்தில் இருக்கும்போது, 2017 பிப்ரவரியில், தலைசுற்றல் வந்து இராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதற்கு முன் 2014 முதல் 2016 நவம்பர் வரை காஷ்மீரின் குப்வாராவில், தீவிரவாத எதிர்ப்புப் பணியில், ராஷ்டிரிய ரைபிள்ஸ் பட்டாலியனில் இருந்தேன். அதற்கும் முன்னால் லடாக்கில் இரண்டு ஆண்டு, அஸ்ஸாமில் இரண்டு ஆண்டு. குப்வாராவில் ஒருமுறை எம்.ஐ. ரூமுக்குத் தலைவலி என்று போனது நினைவிருக்கிறது. அளந்து பார்த்தார்களா என்பது சரியாக நினைவில்லை.

தேனி நாயக்கின் மனைவி – 9 ஜூன் 2025

வணக்கம். இந்த இழையை ஒரு வாரமாக வாசித்துவருகிறேன். என் கணவர் எட்டு ஆண்டு பணிக்குப் பிறகு 2012இல் வலிப்பு நோயால் போர்டு அவுட் செய்யப்பட்டார், அதாவது மெடிக்கல் போர்டு வழியாகப் பணியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 20 சதவீதம், பணியோடு தொடர்பில்லை என்று சொல்லி, ஒருமுறை கொடுக்கும் பணிக்கொடையோடு அனுப்பிவிட்டார்கள். பத்து ஆண்டு முடியாததால் மாதாந்தர ஓய்வூதியம் எதுவும் இல்லை. 2013இல் ஒரு மேல்முறையீடு எழுதியிருக்கிறார், அதுவும் தள்ளுபடி. வலிப்பு எப்போது வரும் என்று தெரியாததால் அவரை எந்த நிறுவனமும் காவல் வேலைக்கு எடுப்பதில்லை, வண்டி ஓட்டவும் நாங்கள் விடுவதில்லை. நான் தையல் வேலை செய்கிறேன். அவருக்கு இந்த விஷயத்தைப் பேசினாலே பதற்றம் வந்துவிடுவதால் நான்தான் கேட்கிறேன். 13 ஆண்டு கழித்து மனுச் செய்தால் ஏற்றுக்கொள்வார்களா? மனைவி கையெழுத்திடலாமா?

பாரிமுனை வக்கீல் – 9 ஜூன் 2025

சகோதரி, உங்கள் கணவரின் நேர்வு இந்த இழையைத் தொடங்கியவரின் நேர்வைவிட வலுவானது, இழப்பும் பெரியது. ஹவில்தாருக்குப் பணி ஓய்வூதியம் ஏற்கெனவே வருகிறது, அவர் கேட்பது கூடுதலான இயலாமைப் பகுதியை மட்டும். நோயால் வெளியேற்றப்பட்டவருக்கு உரிமை நிறுவப்பட்டால், குறைந்தபட்சப் பணிக்காலம் என்ற நிபந்தனை இல்லாமல் பணிப்பகுதியும் இயலாமைப் பகுதியும் ஆயுள் முழுதும் கிடைக்கும். பாதிப்பின் அளவைக் காட்டியும் அரசு தப்பிக்க முடியாது: 2014 ஜூனில் சுக்விந்தர் சிங் வழக்கில், ஒருவரை நோய் காரணமாக வெளியேற்றினாலே பாதிப்பு 20 சதவீதத்துக்கு மேல் என்று கொள்ளவேண்டும் என்றும், அதை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இயல்பாக ஓய்வு பெற்றவருக்கு அப்படி அல்ல. 20க்குக் கீழே என்றால் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் ரத்தோர் வழக்கில் சொல்லிவிட்டார்கள்.

நிலுவை மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். 2012இல் வெளியேறியவர் என்பதால் 2008 விதிகளே பொருந்தும் என்றும், தரம்வீர் சிங் தீர்ப்பு பழைய விதிகளுக்கு உரியது என்றும் அரசுத் தரப்பு வாதிடும். அதற்கும் போர்டின் காரணம்தான் பதில்: எட்டு ஆண்டு ஓடி, குதித்து, சுமந்து வேலை செய்தவருக்கு வலிப்பு ஏன் பணியோடு தொடர்பற்றது என்று அவர்கள் எழுதினார்களா என்று பார்க்கவேண்டும்.

தேதி ஒன்றை மனத்தில் வையுங்கள். 2008 விதிகளின் 7ஆம் விதியில், வெளியேறி 15 ஆண்டு கழித்துக் கோரிக்கை வைத்து, அதற்குள் பணி ஆவணங்கள் அழிக்கப்பட்டிருந்தால், நிரூபிக்கும் பாரம் கோருபவர்மேல் வந்துவிடும் என்று இருக்கிறது. உங்கள் கணவர் 2013லேயே கோரிவிட்டார் என்று நாம் வாதாடலாம். ஆனால் அந்த வாதத்துக்கே இடம் கொடுக்காமல் 2027க்கு முன் முடித்துவிடுவது நல்லது. மனுவில் உங்கள் கணவரே கையெழுத்திட வேண்டும், அலைச்சலை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம்.

கம்மவான்பேட்டை சுபேதார் – 10 ஜூன் 2025

அம்மா, தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்தை நாளைக்கே அனுப்புங்கள். ஓய்வூதியம் வாங்காதவர்களின் கோப்பு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் வேறு அடுக்கில் இருக்கும், தேடி எடுக்க ஆள் வேண்டும், அதனால்தான் தாமதிக்க வேண்டாம் என்கிறேன். 2013இல் அவர் அனுப்பிய மேல்முறையீட்டின் நகலும் அதற்கு வந்த பதிலும் வீட்டில் எங்கேயாவது இருந்தால் தேடி வையுங்கள், அஞ்சலக ரசீதானாலும் சரி. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் விண்ணப்பம் எழுத உதவுவார்கள். ஒன்றும் நடக்காது என்று அங்கே யாராவது சொன்னால், அது அவருடைய சொந்தக் கருத்து என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை மட்டும் எழுதி வாங்கி வாருங்கள்.

கோவை சிக்னல்மேன் – 10 ஜூன் 2025

தேனி சகோதரியின் பதிவைப் படித்த பிறகு என் முந்தைய கருத்தில் ஒரு திருத்தம். எட்டு ஆண்டில் வெளியே அனுப்பப்பட்டவரைப் பற்றி நான் பேசவில்லை. அவரை நல்ல உடல்நிலையோடு எடுத்துக்கொண்டது படைதான், வேண்டாம் என்று அனுப்பியதும் படைதான், இடையில் நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்பது எனக்கும் ஒப்பவில்லை. முழுப் பணிக்காலமும் முடித்து வருகிறவர்களின் இரத்த அழுத்தம் பற்றி என் ஐயம் அப்படியே இருக்கிறது, ஆனாலும் 43ஆம் பத்தியை நான் படித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். என் மைத்துனர் விடுப்பில் ஊருக்கு வந்தபோது இருசக்கர வாகன விபத்தில் கால் முறிந்தது. விடுப்பும் பணிக்காலம்தானே?

பாரிமுனை வக்கீல் – 10 ஜூன் 2025

விடுப்பு பணிக்காலமாக எண்ணப்படும், ஆனால் காயத்துக்கும் இராணுவப் பணிக்கும் தொடர்பு வேண்டும். ஆண்டு விடுப்பில் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்ட ஜுஜார் சிங்குக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. யூனிட்டிலிருந்து வீட்டுக்கோ, வீட்டிலிருந்து யூனிட்டுக்கோ பயணம் செய்யும்போது நேர்ந்ததா என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள், அது வேறு கணக்கு.

திருப்பத்தூர் ஹவில்தார் – 3 ஜூலை 2025

நேற்று பதில் வந்தது. மொத்தம் 14 பக்கம். சுபேதார் சாப் சொன்ன கட்டத்தில் இருப்பதை அப்படியே தமிழில் தருகிறேன்: "நோய் பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது. பணிச் சூழலோடு நெருங்கிய கால அளவிலான தொடர்பு இல்லை. ஆகவே தொடர்பில்லை." அவ்வளவுதான். குப்வாரா பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. ஆனால் முதல் பகுதி அட்டவணையில் என் கையெழுத்திலேயே, குப்வாரா 2016 நவம்பர் வரை, ஃபீல்டு என்று இருக்கிறது. மூன்று மாத இடைவெளி அவர்கள் கண்ணில் படவே இல்லை.

இன்னொரு செய்தி. நர்சிங் தம்பி கேட்டதிலிருந்து மனத்தில் அரித்துக்கொண்டே இருந்ததால், பரணில் கிடந்த கறுப்பு டிரங்குப் பெட்டியை இறக்கினேன். பெட்டிமேல் என் எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் இன்னும் அழியாமல் இருக்கின்றன. உள்ளே குளிர்காலச் சட்டைக்கு அடியில், பழைய ரயில் வாரண்டு நகல்களோடு, நான்காய் மடித்த எம்.ஐ. ரூம் சீட்டு ஒன்று கிடைத்தது. 2016 செப்டம்பர் 19, தலைவலி, பி.பி. 156/98, பாரசிட்டமால், ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனை என்று எழுதி, பட்டாலியனின் வட்ட முத்திரை பாதி பதிந்திருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பது இப்போது நினைவுக்கு வந்துவிட்டது. மேலே காட்டுப் பகுதியில் பத்து நாள் தேடுதல் நடவடிக்கை. திரும்பிவந்த பிறகு தலைவலியைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம் இருந்தது!

மதுரை நர்சிங் அசிஸ்டென்ட் – 3 ஜூலை 2025

அண்ணா, அந்தச் சீட்டை இன்றைக்கே வண்ண நகல் எடுத்து வைத்துவிடுங்கள், மை மங்கிக்கொண்டே போகும். அசலை லேமினேட் செய்ய வேண்டாம், முத்திரை போலியோ என்று ஐயப்பட இடம் கொடுக்கும். ஒற்றை அளவை வைத்து எந்த மருத்துவரும் நோய் உறுதி என்று சொல்லமாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அளவுக்குப் பிறகு மறுபரிசோதனை நடக்காமல் போனதற்கு நீங்கள் காரணம் அல்ல என்பதே இங்கே முக்கியம்.

பாரிமுனை வக்கீல் – 4 ஜூலை 2025

தம்பி சொன்னது சரி. "குப்வாராவிலேயே நோய் உறுதியாகிவிட்டது" என்று மனுவில் எழுதாதீர்கள், மிகைப்படுத்தினால் நல்ல ஆவணமும் கெட்டுவிடும். தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கைப் பகுதியில் இருந்தபோதே உயர்ந்த அளவு பதிவாகியிருக்கிறது, பணி நிமித்தம் மறுபரிசோதனை நடக்கவில்லை, ஐந்து மாதத்துக்குள் நோய் உறுதிசெய்யப்பட்டது, இதையும் முந்தைய ஃபீல்டு பணிகளையும் போர்டு கருத்தில் கொள்ளவே இல்லை என்று மட்டும் எழுதுங்கள். 43ஆம் பத்தியைச் சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கோரும் பத்தியில் தந்தையின் சிகிச்சை ஆவணங்களையும் இறப்புச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

முதல் மேல்முறையீட்டை ரெக்கார்ட்ஸ் வழியாகப் படைத் தலைமையகத்தின் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள், வக்கீல் தேவையில்லை. ஆறு மாதம் வரை முடிவு வராவிட்டாலும், வந்து தள்ளுபடியானாலும் தீர்ப்பாயத்துக்கு வரலாம். தள்ளுபடியானால் இரண்டாவது குழுவும் இருக்கிறது. அந்தப் படியையும் ஏறிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உண்டு, தாமதமாக வந்தாலும் நேரே விசாரிக்கப்பட்டவர்களும் உண்டு. ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 22ஆம் பிரிவுப்படி தீர்ப்பாயத்துக்கு வரவும் ஆறு மாதக் கெடு உண்டு என்பதால், இந்த முறை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். தீர்ப்பாயத்திலும் தோற்றால் முன்பு உச்ச நீதிமன்றத்தை விட்டால் வழியில்லை என்ற நிலை இருந்தது. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம். அதே வாசல் அரசுக்கும் திறந்துவிட்டது என்பதால், வென்ற பிறகும் சற்றுக் காத்திருக்க நேரலாம்.

தேனி நாயக்கின் மனைவி – 16 ஜூலை 2025

எங்களுக்கும் பதில் வந்துவிட்டது. கோப்பு இருக்கிறது, அழிக்கப்படவில்லை. 9 பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். சேரும்போது நடந்த பரிசோதனைத் தாளில் எல்லாக் கட்டத்திலும் "இயல்பு" என்றே இருக்கிறது. போர்டின் காரணக் கட்டத்தில் இரண்டே சொற்கள்: "உடல்வாகு சார்ந்தது." இதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். தன் குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு இல்லை என்று போர்டில் அன்றைக்கே சொன்னதாகவும், அதை அவர்கள் எழுதிக்கொண்டதாகவும் சொன்னார். தேடிப் பார்த்தேன், மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

கம்மவான்பேட்டை சுபேதார் – 16 ஜூலை 2025

அம்மா, மூன்றாம் பக்கத்தையும் அந்த இரண்டு சொற்கள் இருக்கும் பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். படை எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். இரண்டாவது மேல்முறையீட்டின் வரைவை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதித் தருகிறேன், வக்கீல் தம்பி ஒருமுறை பார்த்துவிடட்டும்.

திருப்பத்தூர் ஹவில்தார் – 21 ஜூலை 2025

இன்று முதல் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிட்டேன். இணைப்புகளோடு 31 பக்கம். வங்கிக் காவல் பணி இரவு நேரம் என்பதால் காலையிலேயே அஞ்சலகம் போய்விட்டேன். ரசீதை டிரங்குப் பெட்டிக்குள் வைக்கவில்லை, வீட்டு நாள்காட்டியில் ஜனவரி 21ஐ வட்டமிட்டு, அதன் பின்புறம் ஒட்டியிருக்கிறேன்.

30 சதவீதக்காரர் நேற்று மறுபடி வந்தார். 20க்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறார். அவரிடம் 43ஆம் பத்தி என்றால் என்ன என்று கேட்டேன்.